பதினொரு மாத அமைச்சர், அரை நூற்றாண்டு உழைப்பு: கார்சியா ரோப்லெஸுக்கு நோபல் எதற்கு?

நீங்கள் கேட்டது இது: "அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸ், மெக்சிகோ வெளியுறவு அமைச்சர், 1982 அமைதி நோபல் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் அவர் ஒரு வருடம்கூட அமைச்சராக இருந்ததாகத் தெரியவில்லை. அணுகுண்டே இல்லாத நாடுகள் ஒன்று கூடி, 'எங்களுக்கு அணுகுண்டு வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டதற்கா நோபல்?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமைச்சர் பதவிக்கும் பரிசுக்கும் என்ன தொடர்பு என்பது ஒன்று. தங்களிடம் இல்லாத ஆயுதத்தைத் துறப்பதில் என்ன பெருமை என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உண்மையில் கனமான கேள்வி. அதற்குத்தான் நிறைய இடம் தரப்போகிறேன்.

நான் பல ஆண்டுகளாகச் சர்வதேசச் சட்டம், அதிலும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்கள் பற்றிப் பாடம் எடுப்பவன். ஒப்பந்தத்தின் வாசகம், அதன் பேச்சுவார்த்தை வரலாறு ஆகியவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். மெக்சிகோவின் உள்நாட்டு அரசியல் என் துறை அல்ல. அங்கே நான் சொல்வதை வெளியிலிருந்து படித்தவனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் 1975 டிசம்பர் 29 முதல் 1976 நவம்பர் 30 வரை அமைச்சராக இருந்தார். மெக்சிகோவில் ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டு, மறுதேர்தல் கிடையாது. லூயிஸ் எச்செவெரியாவின் ஆட்சி முடிந்த அன்றே அவரது அமைச்சரவையும் போய்விட்டது. கார்சியா ரோப்லெஸ் அந்த நாற்காலிக்கு வந்ததே ஒரு சிக்கலின் பின்விளைவுதான். 1975 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபை, யூதர்களுக்குத் தனி நாடு என்ற இயக்கமான சியோனிசத்தை இனவாதத்தின் ஒரு வடிவம் என்று அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மெக்சிகோ ஆதரித்து வாக்களித்தது. அமெரிக்காவிலிருந்த யூத அமைப்புகள் மெக்சிகோ சுற்றுலாவைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தன. சமாதானம் செய்ய இஸ்ரேலுக்குப் போன அமைச்சர் எமிலியோ ரபாசா அங்கே பேசிய பேச்சு, உள்நாட்டில் மன்னிப்புக் கேட்டதுபோலப் பார்க்கப்பட்டது. அவர் பதவி விலக, நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த கார்சியா ரோப்லெஸ் அந்த இடத்துக்கு வந்தார். அந்த வாக்கு பதிவானபோது மெக்சிகோவின் ஐ.நா. தூதுக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அவரே. அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாக்கு அரசாங்கத்துடையது, ஆனால் பொறுப்பில் இருந்தவர் அவர்.

அமைச்சராக இருந்த பதினொரு மாதத்தில் நிலைத்து நின்றது கடல் விஷயம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம், அதாவது அங்குள்ள வளங்களை எடுக்கும் உரிமை தனக்கே என்று அறிவிக்க மெக்சிகோ தன் அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவைத் திருத்தியது 1976-இல்தான். (இந்தியாவும் தன் கடல் மண்டலங்கள் சட்டத்தை அதே ஆண்டில் இயற்றியது. அப்போது உலகம் முழுக்க அந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தது.) கடல் சட்டம் அவருக்குப் புதிதல்ல. 1958, 1960 ஜெனீவா மாநாடுகளில் மெக்சிகோவுக்காக உழைத்தவர். பிராந்தியக் கடல், அதாவது கரையோர நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல், எத்தனை மைல் என்ற கேள்வி 1960-இல் ஒரே ஒரு வாக்கு குறைந்து தீராமல் போனதைக் கண் முன்னால் பார்த்தவர். இதற்கும் நோபலுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவர் எந்த மாதிரி ஆள் என்பது இதில் தெரிகிறது. மாநாட்டு அறையில் ஒரு சொல்லுக்காக, ஒரு வாக்குக்காக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 மார்ச் 20-இல் மிச்சோவாகான் மாநிலத்தின் சமோரா ஊரில் பிறந்தார். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம், பிறகு பாரீஸ், தி ஹேக் நகரங்களில் சர்வதேசச் சட்டம். 1939-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முதல் வெளிநாட்டுப் பணி சுவீடனில். ஐ.நா. சாசனம் உருவான 1945 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் மெக்சிகோ குழுவில் இருந்தார். அடுத்த ஆண்டே ஐ.நா. தலைமைச் செயலகத்துக்குப் போய் 1957 வரை அங்கே அரசியல் பிரிவின் இயக்குநராக இருந்தார். 1947-இல் பாலஸ்தீனம் குறித்த ஐ.நா. சிறப்புக் குழுவின் முதன்மைச் செயலாளரும் இவர்தான். ஆக, பேச்சுவார்த்தை எங்கே முறியும், எந்தச் சொல்லைப் போட்டால் எந்த நாடு எழுந்து போகும் என்பதையெல்லாம் சுமார் பத்தாண்டு காலம் உள்ளே இருந்தே கற்றவர். அதன் பிறகு மெக்சிகோ நகரத்தில் அமைச்சகப் பணி. 1962 முதல் 1964 வரை பிரேசிலில் தூதர்.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியது, அமெரிக்கா கடற்படையால் தீவைச் சுற்றி வளைத்தது. அந்த நாட்களில் லத்தீன் அமெரிக்க நாடு எதனிடமும் சொந்த அணுகுண்டு இல்லை. இருந்தும் அந்தப் பகுதி முழுவதும் அணுப் போரின் விளிம்பில் நின்றது. காரணம், ஆபத்து வந்தது அடுத்தவர் குண்டால். "எங்களிடம் குண்டு இல்லை" என்பது மட்டும் எந்தப் பாதுகாப்பும் தராது, "எங்கள் மண்ணில் யாருடைய குண்டும் இருக்கக்கூடாது" என்று சட்டம் வேண்டும் என்ற பாடத்தைப் பக்கத்திலேயே இருந்த மெக்சிகோ படித்துக்கொண்டது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968-இல் வந்தது. அதன்படி அணு ஆயுதம் இல்லாத நாடு குண்டு செய்யக்கூடாது, வாங்கக்கூடாது. ஆனால் ஒரு வல்லரசு தன் கட்டுப்பாட்டில் உள்ள குண்டைக் கூட்டாளி நாட்டில் கொண்டுபோய் வைப்பதை அது நேரடியாகத் தடுக்கவில்லை. ஐரோப்பாவில் அமெரிக்கக் குண்டுகள் இருப்பது அப்படித்தான். கார்சியா ரோப்லெஸ் உருவாக்கிய, லத்தீன் அமெரிக்காவில் அணு ஆயுதங்களைத் தடை செய்யும் த்லாதெலோல்கோ ஒப்பந்தம் அதற்கு முந்தைய ஆண்டே அந்தக் கதவையும் சாத்தியது. சோதனை, பயன்பாடு, தயாரிப்பு, கையகப்படுத்துதல் மட்டுமல்ல, பெறுதல், சேமித்தல், நிறுவுதல், நிறுத்திவைத்தல் எல்லாவற்றுக்கும் தடை. யாருக்காக என்றாலும் தடை.

யோசனை அவருடையது மட்டும்தானா? இல்லை. நெருக்கடிக்குக் கொஞ்சம் முன்பே, 1962-இல், ஐ.நா.வில் இந்தப் பேச்சை எடுத்தது பிரேசில். 1963 ஏப்ரல் 29-இல் பொலிவியா, பிரேசில், சிலி, ஈக்வடார், மெக்சிகோ ஆகிய ஐந்து நாட்டு ஜனாதிபதிகளும் கூட்டாக அறிக்கை விட்டார்கள். அதற்கு முன்கை எடுத்தவர் மெக்சிகோ ஜனாதிபதி அடோல்ஃபோ லோபஸ் மாத்தியோஸ். அப்போது பிரேசிலில் தூதராக இருந்த கார்சியா ரோப்லெஸ்தான் அவரை இதில் இறக்கிவிட்டார் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அவருக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நம்ப நிறையக் காரணம் உண்டு. எவ்வளவு பங்கு என்பதில் எழுதுபவருக்கு எழுதுபவர் வித்தியாசப்படுகிறார்கள். ஆகவே "யோசனையின் தந்தை" என்ற பட்டத்தை நான் பயன்படுத்துவதில்லை. யோசனையை ஒப்பந்தமாக்கியவர் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

1964-இல் அவர் வெளியுறவுத் துணைச் செயலராக மெக்சிகோ நகரம் திரும்பினார். அதே ஆண்டு பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, யோசனையை எழுப்பிய நாடே பின்வாங்கத் தொடங்கியது. கியூபா பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. தன் மண்ணிலுள்ள குவாண்டானமோ கடற்படைத் தளத்தை அமெரிக்கா திருப்பித் தராமல் இதெல்லாம் எதற்கு என்றது. வல்லரசுகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன. இந்த நிலையில் 1964 நவம்பரில் ஒரு தயாரிப்பு ஆணையம் அமைந்தது, அவர் அதன் தலைவரானார். 1965 தொடங்கி நான்கு கூட்டத்தொடர்கள். ஐ.நா. அனுப்பிய ஆலோசகர், கனடாவைச் சேர்ந்த வில்லியம் எப்ஸ்டைன், கூடவே இருந்து வரைவில் உதவினார். அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

பேச்சு முட்டிக்கொண்டு நின்ற இடம், ஒப்பந்தம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பது. பிரேசிலும் அதோடு நின்றவர்களும் சொன்னது: பகுதியில் உள்ள எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும், அணு வல்லரசுகள் எல்லாம் இணைப்பு நெறிமுறையில் (ஒப்பந்தத்தோடு சேர்ந்த தனி உடன்பாட்டில்) சேர வேண்டும், இங்கே நிலப்பரப்பு வைத்திருக்கும் வெளிநாடுகள் சேர வேண்டும், சர்வதேச அணுசக்தி முகமையுடன் கண்காணிப்பு உடன்பாடுகள் முடிந்திருக்க வேண்டும். அதுவரை யாரையும் கட்டுப்படுத்தாது. மெக்சிகோவும் மற்றவர்களும், ஏற்கும் நாட்டுக்கு ஏற்ற அன்றே நடைமுறை என்றார்கள். எல்லோரும் வந்த பிறகுதான் பந்தி என்று ஒரு தரப்பு, வந்தவர்களுக்கு இலை போடுங்கள் என்று இன்னொரு தரப்பு. முதல் தரப்பின் வழியில் போனால் ஒரே ஒரு நாடு நினைத்தால்கூட ஒப்பந்தத்தை என்றென்றைக்கும் தூங்க வைக்கலாம். இரண்டாவது வழியில் போனால் பிரேசில் கையெழுத்தே போடாது.

28-ஆவது பிரிவாக வந்த தீர்வைப் பாருங்கள். முதல் தரப்பு கேட்ட நான்கு நிபந்தனைகளும் அப்படியே எழுதப்பட்டன. அடுத்த பத்தியில், எந்த நாடும் இந்த நிபந்தனைகளை முழுவதுமாகவோ பகுதியாகவோ தனக்குத் தேவையில்லை என்று கைவிடலாம், கைவிட்டால் அந்த நாட்டுக்கு ஒப்பந்தம் உடனே நடைமுறைக்கு வரும் என்று சேர்த்தார்கள். அவ்வளவுதான். யாரும் தோற்கவில்லை. பிரேசில் கையெழுத்திட்டது, உறுதியும் செய்தது, ஆனால் நிபந்தனைகளைக் கைவிடாமல் வெளித் திண்ணையிலேயே இருந்தது. மெக்சிகோ முதல் வேலையாகக் கைவிட்டு உள்ளே போனது. 1967 பிப்ரவரி 14-இல், மெக்சிகோ நகரத்தில் வெளியுறவு அமைச்சகம் இருந்த த்லாதெலோல்கோ பகுதியில், முதல் நாளே 14 நாடுகள் கையெழுத்திட்டன. 1969-க்குள் போதிய நாடுகள் சேர்ந்து, ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஓபனால் என்ற அமைப்பும் செயல்படத் தொடங்கியது. மனிதர் வாழும் பகுதியில் உலகத்தின் முதல் அணு ஆயுதமற்ற மண்டலம் இது. 1959-இன் அண்டார்டிகா ஒப்பந்தம் முந்தியது என்றாலும் அங்கே குடிமக்கள் கிடையாது.

மாணவர்களுக்கு இந்தப் பிரிவை வாசித்துக் காட்டும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்வது, இது தற்காலிக ஒட்டு வேலை அல்ல என்பதுதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மனம் மாறப்போகும் ஒரு அரசாங்கத்துக்காக வாசலைத் திறந்து வைத்த வேலை. பிரேசில் 1994-இல் நிபந்தனைகளைக் கைவிட்டபோது புதிதாக ஒரு வரிகூடப் பேசி முடிக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சாதனை இணைப்பு நெறிமுறைகள். தாங்கள் குண்டு செய்யமாட்டோம் என்பதோடு நிறுத்தாமல், அணு ஆயுத நாடுகளிடம், "இந்த நாடுகள்மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்தமாட்டோம், பயன்படுத்துவோம் என்று மிரட்டவும் மாட்டோம்" என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதியை வாங்கினார்கள். பிரிட்டன் 1969, அமெரிக்கா 1971, பிரான்சும் சீனாவும் 1974, கடைசியாக சோவியத் ஒன்றியம் 1979. ஐந்தும் ஏற்ற இப்படியொரு உறுதிமொழி அதற்கு முன் எங்கும் கிடையாது. மற்றொரு நெறிமுறை, இந்த வட்டாரத்தில் ஆட்சிப்பகுதி வைத்திருந்த பிரிட்டன், நெதர்லாந்து, அமெரிக்கா, பிரான்சுக்கானது. புவேர்ட்டோ ரிக்கோவிலும் குவாண்டானமோவிலும் குண்டு வைக்கக்கூடாது என்பதை அமெரிக்கா ஏற்க 1981 வரை ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பல ஆண்டு ஐ.நா. தீர்மானங்கள், கடிதங்கள், நச்சரிப்புகள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதியைச் செய்தவர் இவர்.

ஓட்டைகள் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். அணு ஆயுதம் ஏற்றிய கப்பல் அந்த வழியாகக் கடந்து போகலாமா என்பது பற்றி ஒப்பந்தம் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அமைதிக்கான அணு வெடிப்பு (கால்வாய் தோண்டுவது போன்ற வேலைக்கான வெடிப்பு) என்ற பெயரில் 18-ஆவது பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. குண்டையும் அமைதி வெடிப்பையும் தொழில்நுட்பத்தில் பிரித்தறிய முடியாத வரை இரண்டும் தடைதான் என்பது கார்சியா ரோப்லெஸின் வாசிப்பு. பிரேசிலும் அர்ஜென்டினாவும் அப்படி வாசிக்கவில்லை. இது வெறும் வக்கீல் வாதம் என்று தோன்றினால், 1974-இல் பொக்ரானில் இந்தியா நடத்திய சோதனையை எந்தப் பெயரில் அறிவித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜன்னல் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஒப்பந்தத்துக்கு வந்த கடுமையான சோதனை, அவருக்கு நோபல் கிடைத்த அதே 1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த பாக்லாந்து தீவுப் போர். பிரிட்டன் அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிகளை அனுப்பியது, ஒப்பந்த மீறல் என்று அர்ஜென்டினா முறையிட்டது. அணு உலையால் ஓடும் கப்பல் வேறு, அணு ஆயுதம் வேறு. வாசகத்தின்படி அது மீறல் அல்ல. ஆனால் 2003-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம், அந்தப் போருக்குப் போன சில கப்பல்களில் அணு ஆழ்வெடிகள் (நீர்மூழ்கிகளைத் தாக்கும் அணு ஆயுதங்கள்) இருந்ததை ஒப்புக்கொண்டது. தீவுகளின் கடல் எல்லைக்குள் அவை கொண்டுபோகப்படவில்லை, எனவே மீறல் இல்லை என்பது அவர்கள் விளக்கம். இதை ஏற்பதா வேண்டாமா என்பதில் சட்டம் படித்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒப்பந்தம் இல்லாதிருந்தால் 'எந்த எல்லைக்குள்' என்று விளக்கம் தர வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்திருக்காது என்பது என் பார்வை.

சரி, லத்தீன் அமெரிக்காவில் இன்று அணுகுண்டு இல்லாததற்கு இந்த ஒப்பந்தம்தான் காரணமா? இங்கே நான் கவனமாக இருப்பேன். பிரேசிலும் அர்ஜென்டினாவும் ரகசியமாக யுரேனியம் செறிவூட்டும் வேலைகளை நடத்தின. நிறுத்தியதற்கு ராணுவ ஆட்சிகள் விழுந்ததும், இரு நாடுகளும் தங்களுக்குள் நம்பிக்கை வளர்த்து 1991-இல் பரஸ்பரக் கண்காணிப்பு முகமை அமைத்ததும் நேரடிக் காரணங்கள். ஒப்பந்தம் அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. மாற்றம் வந்தபோது போய் நிற்க ஒரு சட்ட இடத்தைத் தயாராக வைத்திருந்தது. ஒப்பந்தம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபித்துவிட்டதாகச் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். தென் பசிபிக் (1985), தென்கிழக்கு ஆசியா (1995), ஆப்பிரிக்கா (1996), மத்திய ஆசியா (2006) மண்டலங்கள் இதை முன்மாதிரியாகக் கொண்டன என்பதில் ஐயமில்லை. வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

இன்னொரு விஷயத்தை யாராவது கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். அதே த்லாதெலோல்கோவின் சதுக்கத்தில், வெளியுறவு அமைச்சகக் கோபுரத்தின் எதிரில், 1968 அக்டோபர் 2-இல் மாணவர்கள்மீது ராணுவம் சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றும் தகராறில் உள்ள கணக்கு. அப்போது டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் பதவியை உதறினார். கார்சியா ரோப்லெஸ் துணைச் செயலராகவே நீடித்தார். பின்னால் அவரை அமைச்சராக்கிய எச்செவெரியா, அந்த 1968-இல் உள்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். இதை வைத்து அவரது ஆயுதக் குறைப்புப் பணியைத் தள்ளுபடி செய்யமாட்டேன், அந்தப் பணிக்காக இதை மறைக்கவும் மாட்டேன். உள்ளே இருந்து ஒப்பந்தத்தைக் காப்பதா, வெளியேறுவதா என்று அவர் என்ன நினைத்தார் என்பதை ஊகிக்கும் உரிமை எனக்கு இல்லை.

அமைச்சர் பதவி முடிந்ததும் பலர் ஓய்வெடுத்திருப்பார்கள். அவர் 1977-இல் ஜெனீவா ஆயுதக் குறைப்புக் குழுவுக்கு மெக்சிகோ பிரதிநிதியாகப் போனார், 66 வயதில். முன்னாள் அமைச்சர் ஒருவர் மறுபடியும் குழு அறையில் காற்புள்ளி அரைப்புள்ளிக்காக வாதாடுவது அபூர்வம். 1978-இல் ஐ.நா. பொதுச் சபையின் ஆயுதக் குறைப்புக்கான முதல் சிறப்புக் கூட்டத்தொடரில், அத்தனை நாடுகளும் ஒருமனதாக ஏற்ற இறுதி ஆவணத்தின் வரைவை ஒருங்கிணைத்தவர் அவர். அதுவரை ஜெனீவாவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இணைத் தலைவர்களாக உட்கார்ந்து நிகழ்ச்சிநிரலைத் தங்கள் கையில் வைத்திருந்தன. அந்த ஏற்பாடு அதோடு முடிந்து, தலைமை சுழற்சிமுறைக்கு வந்தது. ஒதுங்கியிருந்த பிரான்சும் சீனாவும் பேச்சுக்கு வந்தன. 1982 பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர் சுவீடனின் ஆல்வா மிர்தால். ஜெனீவாவில் சுவீடனுக்காக அதே போராட்டத்தை நடத்தியவர், அதற்கு முன் டெல்லியில் தூதராக இருந்தவர். இருவரும் நாட்டின் சிறுமையைக் காரணம் காட்டி வாயை மூடிக்கொள்ளாதவர்கள். நோபல் குழு அந்த ஆண்டு சொல்ல வந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். மெக்சிகோவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

அவர் தோற்ற வேலையும் உண்டு. படிப்படியான முழு ஆயுதக் குறைப்புத் திட்டம் ஒன்றை ஜெனீவாவில் ஒரு பணிக்குழுவின் தலைவராக 1980-களின் இறுதிவரை இழுத்துப் பார்த்தார். வாசகத்தில் உடன்பாடு எட்டாத இடங்களைக் குறிக்கும் அடைப்புக்குறிகள் கூடிக்கொண்டே போயின, திட்டம் நிறைவேறவில்லை. எல்லா அணுச் சோதனைகளுக்கும் தடை கேட்டு, 1963-இன் பகுதித் தடை ஒப்பந்தத்தைத் திருத்த மாநாடு கூட்ட வேண்டும் என்று 1988-இல் மெக்சிகோ, இலங்கை, இந்தோனேசியா, பெரு, யூகோஸ்லாவியா முதலிய நாடுகள் சேர்ந்து கோரின. மாநாடு 1991 ஜனவரியில் கூடியது, திருத்தம் வரவில்லை. அவர் 1989-இல் ஜெனீவாவை விட்டுத் திரும்பி, 1991 செப்டம்பர் 2-இல் மெக்சிகோ நகரத்தில் காலமானார்.

ஒப்பந்தம் முழுமையானது அதற்குப் பிறகுதான். பிரான்ஸ் 1992-இல் நிலப்பரப்பு நெறிமுறையை உறுதி செய்தது. அர்ஜென்டினா, சிலி, பிரேசில் மூன்றும் 1994-இல் முழுமையாக உள்ளே வந்தன. கியூபா 1995-இல் கையெழுத்திட்டு 2002-இல் உறுதி செய்ததும் 33 நாடுகளும் சேர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஒன்று: நெறிமுறைகளை ஏற்றபோது அணு ஆயுத நாடுகள் தங்கள் வசதிக்கேற்ப இணைத்த விளக்க அறிவிப்புகள். சில சூழ்நிலைகளில் அந்த உறுதிமொழியிலிருந்து நழுவ அவை இடம் தருகின்றன. அவற்றைத் திரும்பப் பெறுங்கள் என்று ஓபனால் தொடர்ந்து கேட்டு வருகிறது. மேலும் படிக்க நினைத்தால் 1982 டிசம்பரில் ஓஸ்லோவில் அவர் ஆற்றிய நோபல் உரையிலிருந்து தொடங்குங்கள். உரை முழுக்க இந்த ஒப்பந்தத்தைப் பற்றியது, பிரிவு பிரிவாக. அதைப் படித்த பிறகு அந்த விளக்க அறிவிப்புகளை எடுத்துப் படித்தால் எதற்காக இன்னும் சண்டை நடக்கிறது என்பது விளங்கும்.